நடுங்கும் கார்... கடைசியாகக் கை பட்டது எங்கே?

நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பானெட்டில் சந்தனம், குங்குமம். முன்பக்கம் இரண்டு முழம் சாமந்தி. அம்மா கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எடுப்பா, மெதுவா எடு" என்றார். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்தது. அடுத்த நொடியே வண்டி முழுக்க ஒரு நடுக்கம். கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரம் தனியே ஆடியது. ஆர்.பி.எம். முள் ஆயிரத்துக்கு ஏறி, ஐந்நூறுக்கு விழுந்து, மறுபடி ஏறியது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது, இன்ஜின் அணைந்துவிட்டது. எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் அப்படியே கிடந்தன.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்வரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய வண்டி அது. பத்து வயதான பெட்ரோல் கார். அன்று பகல் முழுக்க நானே உட்கார்ந்து சர்வீஸ் செய்திருந்தேன். ஏர் ஃபில்டரை மாற்றினேன். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் புதிதாகப் போட்டேன். த்ராட்டில் பாடிக்கு க்ளீனர் அடித்துக் கரியைத் துடைத்தேன். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, பூத்திருந்த உப்பைச் சுரண்டினேன். வண்டிக்கு நல்லது செய்ததாக நினைத்துத்தான் அன்றிரவு தூங்கப் போனேன்.

வீடியோ பார்த்து வீட்டு வாசலிலேயே கார் சர்வீஸ் செய்பவர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செலவு குறைகிறது, நம் வண்டியை நாமே அறிந்துகொள்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் வேலை முடிந்து ஸ்டார்ட் செய்ததும் வண்டி நடுங்கினால் என்ன செய்வது என்பதை அந்த வீடியோக்கள் அதிகம் சொல்வதில்லை. அந்த இடத்தில்தான் பணமும் இன்ஜினும் வீணாகின்றன.

நிற்கும்போது நடக்கும் வேலை

ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் இன்ஜின் தானாக ஓடும் நிலைக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் ஐடிலிங். சூடேறிய பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 650 முதல் 850 சுற்று வரை ஓடும். 750 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 1,500 வெடிப்பு, நொடிக்கு 25. இதில் ஒரே ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் நொடிக்கு ஆறு தடவைக்கு மேல் தாளம் தப்பும். இதைத்தான் "மிஸ் அடிக்குது" என்கிறார்கள். நம் இருக்கையில் உணரும் நடுக்கம் அந்தத் தப்பிய தாளம்தான்.

ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் 'பட்டர்ஃப்ளை' என்ற வட்டத் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். விளிம்பில் இருக்கும் சிறு இடுக்கு வழியாகத்தான் காற்று போகும். அந்தத் தகட்டுக்குப் பின்னால் பலமான வெற்றிடம் உருவாகும். மெக்கானிக் பாஷையில் அது 'வேக்கம்'. அங்கே ஒரு டியூபில் விரிசல் விழுந்தால், கழன்று கிடந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்துவிடும்.

இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவில் கீறல் இருந்தால் எப்படி இருக்கும்? மெதுவாக உறிஞ்சினால் காற்றுதான் வரும், இளநீர் வராது. பலமாக இழுத்தால் ஓரளவு வந்துவிடும். இன்ஜினும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் அது இழுக்கும் காற்று ஏராளம், கீறல் வழியாக வருவது அதில் ஒரு துளி. சிக்னலில் நிற்கும்போதோ இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் கீறல் காற்று பெரும்பங்காகிவிடும். "ஓட்டும்போது நல்லா இருக்கு சார், நின்னாத்தான் உதறுது" என்று பலரும் சொல்வதற்கு இதுவே காரணம்.

திருகுகிற காலம் முடிந்துவிட்டது

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800 போன்ற கார்களில் கார்ப்பரேட்டர் இருந்தது. ஐடிலிங் சரியில்லை என்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். திருகை அரைச் சுற்று முறுக்கி, காதால் கேட்டுச் சரிசெய்துவிடுவார்கள். இன்றைய கார்களில் அந்தக் கணக்கை இ.சி.யு. என்ற கம்ப்யூட்டர் போடுகிறது. எவ்வளவு காற்று வருகிறது என்று சென்சார் சொல்ல, அதற்கேற்ற பெட்ரோலை அது இன்ஜெக்டர் வழியாக விடுகிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்தது சரியா என்று திரும்பச் சொல்கிறது.

த்ராட்டில் பாடியில் இன்றும் ஒரு சின்னத் திருகு இருக்கும். தொழிற்சாலையிலேயே அளந்து வைத்தது அது. பழைய நினைப்பில் அதைத் திருப்பினால் இ.சி.யு.வின் கணக்கு அடியோடு குழம்பும். அதைத் தொடவே கூடாது.

பெட்டிச் செய்தி: ஐடிலிங் எண்கள்

■ சூடான இன்ஜினின் ஐடிலிங்: பொதுவாக 650 – 850 ஆர்.பி.எம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆயிரத்தைத் தாண்டி, சூடேற ஏற இறங்குவது இயல்பு.
■ சரியாக எரிய: ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று.
■ பேட்டரி: இன்ஜின் அணைந்திருக்கையில் சுமார் 12.6 வோல்ட், ஓடுகையில் சுமார் 13.5 – 14.5 வோல்ட்.
■ பிளக் இடைவெளி: பெரும்பாலான கார்களில் 0.8 – 1.1 மி.மீ. உங்கள் காருக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும்.
■ பெட்ரோல் திருத்தம் (இ.சி.யு. தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு): ஸ்கேனரில் 10 சதவீதம் கூடவோ குறையவோ இருந்தால் கவலை இல்லை. 20-ஐத் தொட்டால் கோளாறு உறுதி.

"முதல்ல கழட்டுனதைச் சொல்லுங்க"

எங்கள் தெருமுனை மெக்கானிக் முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். தன் ஒர்க்‌ஷாப் பூஜையை முடித்துவிட்டு, பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்தார். கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. "பூஜையில வெச்ச சாமானை நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுப்பேன். பாக்குறதுக்குக் கண்ணும் காதும் போதும்" என்றார்.

"அண்ணே, காயில் போயிருக்குமா? புதுசு வாங்கிட்டு வரட்டுமா?" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் சார். நேத்து என்னென்ன கழட்டுனீங்க? ஒண்ணு விடாம வரிசையாச் சொல்லுங்க."

சொல்லத் தொடங்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது. நான் நான்கு வேலை செய்ததாக நினைத்திருந்தேன். ஆனால் பிளக்கை எட்டுவதற்காக, பிளக்குக்கு மின்சாரம் தரும் நான்கு காயில்களின் கப்ளர்களை (ஒயர் இணைப்புகளை) பிரித்திருக்கிறேன். வழியில் குறுக்கே வந்த ரப்பர் டியூபை உருவியிருக்கிறேன். ஃபில்டர் பெட்டிக்காக சென்சார் கப்ளரைக் கழற்றியிருக்கிறேன். கை பட்ட இடங்கள் நான்கல்ல, பத்துக்குக் குறையாது.

நேற்றுவரை சரியாக ஓடிய வண்டி, பானெட்டைத் திறந்து வேலை செய்ததும் நடுங்கினால், ஏதோ ஒரு பாகம் அன்றைக்கென்று தானாகச் செத்துப்போக வாய்ப்பு மிகக் குறைவு. கோளாறு அநேகமாகக் கை கடைசியாகப் பட்ட இடத்தில்தான் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கித் தேட வேண்டும். இந்த ஒரு பாடத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்ல வருகிறது.

இன்ஜினை ஓடவிட்டு அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்கு இரைச்சல் மட்டுமே கேட்டது. அவர் வால்வு கவரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் தடித்த டியூபைக் காட்டினார். "இங்க ஏர் இழுக்குது. 'உஸ்'னு ஒரு சத்தம் கேக்குதா?" டியூப் வளையும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினார். சத்தம் நின்றது. முள்ளின் ஊசலாட்டமும் நின்றது. விரலை எடுத்தார், மறுபடி ஆடியது. பத்து வருட வெப்பத்தில் விறைத்துப்போன ரப்பர், நான் இழுத்த இழுப்பில் பிளந்திருந்தது.

ஊசலாட்டம் நின்றும் நடுக்கம் முழுதாகப் போகவில்லை. "இன்னொண்ணும் இருக்கு" என்றார். இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு நான்கு காயில் கப்ளர்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். இரண்டாவது மட்டும் 'டக்' என்றது. பார்க்க மாட்டியதுபோல இருந்தாலும் லாக் விழாமல் கிடந்திருக்கிறது. மறுபடி ஸ்டார்ட் செய்ததும் நான்கு சிலிண்டரின் சத்தமும் சீராகக் கேட்டது.

ஒரே நாளில் இரண்டு பிழை. காயில் வாங்கி மாட்டியிருந்தால், மாட்டும்போது கப்ளர் சரியாக உட்கார்ந்து நடுக்கம் பாதி குறைந்திருக்கும். காயில்தான் குற்றவாளி என்று நம்பியிருப்பேன். டியூபின் விரிசல் அப்படியே இருந்திருக்கும்.

எதைத் தொட்டால், எங்கே பார்ப்பது?

*த்ராட்டில் பாடி:* கரி படியப் படிய இடுக்கு சுருங்கும். அதற்கேற்பப் பட்டர்ஃப்ளையைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவைக்க இ.சி.யு. நாளடைவில் பழகியிருக்கும். நாம் ஒரே நாளில் கரியைத் துடைத்ததும், பழைய திறப்பில் காற்று அதிகமாகப் பாயும். ஐடிலிங் எகிறும், ஏறி இறங்கும். இதற்குப் பாகம் எதுவும் மாற்ற வேண்டாம், இ.சி.யு.வுக்குப் புதிய அளவைக் கற்றுக்கொடுத்தால் போதும். மின்மோட்டாரில் இயங்கும் பட்டர்ஃப்ளையை விரலால் பலமாகத் தள்ளியிருந்தால் மட்டும் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் பழுதாகியிருக்கலாம்.

*பிளக், காயில்:* முதலில் கப்ளர் லாக். பிறகு பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே விழுந்த பிளக்கை மாட்டவே கூடாது. ஒயர் உள்ள பழைய வண்டிகளில் ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். நான்கு சிலிண்டர் கார்கள் பெரும்பாலானவற்றில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. பிளக்கைக் கையால் முடிந்தவரை சுற்றிவிட்டுத்தான் ஸ்பேனர் போட வேண்டும். அலுமினிய ஹெட்டில் மரை மாறி ஏறினால் செலவு பெரிது.

*ஏர் ஃபில்டர்:* பெட்டியின் கிளிப் நான்கும் விழுந்ததா, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு மடங்கவில்லையே, ரப்பர் குழாயின் கிளாம்ப் இறுகியதா என்று பாருங்கள். காற்றளவு சென்சாருக்குள் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி இருக்கும். அதன் மேல் கார்ப்பரேட்டர் க்ளீனர் அடித்தால் கெட்டுப்போகும். அதற்கென்றே தனி க்ளீனர் விற்கிறது. எண்ணெய் தடவும் வகை ஃபில்டரில் எண்ணெய் அதிகமானாலும் அது அந்தக் கம்பியில் போய் ஒட்டும்.

*பேட்டரி:* டெர்மினலைக் கழற்றினால் இ.சி.யு. பழகி வைத்திருந்த பல கணக்குகள் அழிந்துவிடும். ஒன்றிரண்டு நாள் ஐடிலிங் தடுமாறலாம். டெர்மினல் தளர்வாக இருந்தால் தடுமாற்றம் தொடரும்.

*இன்ஜின் ஆயில்:* ஊற்றிய பிறகு மூடியைச் சரியாக மூடாவிட்டாலும், அளவுக் கம்பி முழுதாக இறங்காவிட்டாலும் சில இன்ஜின்களில் அந்த வழியாகவே காற்று புகும். அளவுக்கு மேல் ஊற்றினால் ஆயில் நுரைத்து, வால்வு கவரிலிருந்து போகும் டியூப் (பி.சி.வி. டியூப்) வழியாக இன்டேக்குக்குள் போகும்.

*தண்ணீர்:* பூஜைக்காக இன்ஜினுக்கு மேல் பிரஷர் பம்பு அடிப்பவர்கள் உண்டு. பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கினால் மின்பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் வெளியே பாய்ந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

இவை எதிலும் இல்லையென்றால்தான் நாம் தொடாத இடங்களுக்குப் போக வேண்டும். ஒரு கோளாறை மட்டும் முன்கூட்டியே அடையாளம் கண்டுவிடலாம்: முள் ஆடாமல் நிற்கிறது, வண்டி மட்டும் அதிர்கிறது என்றால், தளர்ந்துபோன இன்ஜின் மவுண்டிங் ரப்பரைச் சந்தேகிக்கலாம். எலியையும் மறந்துவிடக் கூடாது. வீதியில் நிற்கும் கார்களில் ஒயரையும் டியூபையும் அது கடித்து வைப்பது நம் ஊரில் தினசரிக் கதை.

பெட்டிச் செய்தி: இ.சி.யு. பதியும் பிழைக் கோடு (code) சொல்லும் சேதி

■ பி0300: எந்தச் சிலிண்டர் என்று தீர்மானமாகச் சொல்ல முடியாத மிஸ்ஃபயர்.
■ பி0301 முதல் பி0304: கடைசி எண்ணே மிஸ் அடிக்கும் சிலிண்டரின் எண்.
■ பி0171: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. வேக்கம் கசிவைத் தேடுங்கள்.
■ பி0172: பெட்ரோல் அதிகம்.
■ பி0506: ஐடிலிங் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.
■ பி0507: ஐடிலிங் எதிர்பார்த்ததைவிட அதிகம். த்ராட்டில் சுத்தம் செய்த பிறகு அடிக்கடி வரும்.

ஸ்கேனரை எப்படிப் படிப்பது?

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் பி.எஸ்.-4 மாசு விதிக்கு உட்பட்ட கார்களுக்கு ஓ.பி.டி.-2 என்ற சுயபரிசோதனை அமைப்பு கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்கு அடியில் அதற்கான சாக்கெட் இருக்கும். சிறிய ப்ளூடூத் கருவியைச் செருகினால் செல்போனிலேயே கோடு தெரியும். என் வண்டியில் அன்று பி0302, பி0171 என்று இரண்டு வந்திருந்தன. இரண்டாம் சிலிண்டர் மிஸ், காற்று அதிகம். மெக்கானிக்கின் காதும் விரலும் சொன்னதையே செல்போனும் சொன்னது.

ஆனால் கோடு என்பது நோயின் அறிகுறி. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் அந்தக் கோடே வந்தது.

கோடைவிடப் பயனுள்ளது பெட்ரோல் திருத்த எண். ஐடிலிங்கில் அது பிளஸ் 20 சதவீதம் காட்டி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து 2,500 சுற்றில் நிறுத்தும்போது இயல்புக்கு இறங்கினால், அது வேக்கம் கசிவு. ஐடிலிங்கில் சரியாக இருந்து, வேகம் கூடக்கூட ஏறினால் பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் சந்தேகிக்கலாம். சில கார்களில் காற்றை அளப்பதற்குப் பதிலாக மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். அந்த வண்டிகளில் கசிவு வந்தால் கோடு வராமல் ஐடிலிங் மட்டும் ஏறி நிற்பதும் உண்டு.

காயிலைச் சோதிக்கக் காசே வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு, மிஸ் அடிக்கும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோடு பி0302-லிருந்து பி0303-க்கு நகர்ந்தால் காயில்தான் பழுது. நகராவிட்டால் காயில் நிரபராதி. அடுத்து பிளக், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன்.

"கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம்" என்றால்?

நடுக்கத்தோடு ஓட்டுகிறவர்கள் பலர். "பழகிடும்" என்று தள்ளிப்போடுவார்கள். இந்தத் தள்ளிப்போடல்தான் சின்னச் செலவைப் பெரிய செலவாக்குகிறது.

முதல் பலி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். புகைக்குழாயில் இருக்கும் இந்தத் தேன்கூட்டுப் பாகத்தில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். மிஸ் அடிக்கும் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே அங்கே போய்ச் சேர்ந்து எரியும். வெப்பம் கட்டுமீறி உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகி அடைத்துக்கொள்ளும். பிறகு வண்டிக்கு இழுவையே இருக்காது. ஒரு கப்ளரை அழுத்தாமல் விட்டதற்கு ஒரு கன்வெர்ட்டரின் விலை.

அடுத்து ஆயில். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும், பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் தேயும். அளவுக் கம்பியில் பெட்ரோல் வாடை அடித்தால் அதுதான் பொருள்.

மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டருக்குப் பலம் தருவது இதே இன்ஜின் வேக்கம்தான். மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் தடித்த டியூப் கழன்றாலோ கிழிந்தாலோ ஐடிலிங் கெடுவதோடு பிரேக் பெடலும் கல்லாக இறுகும். வழக்கமான தூரத்தில் வண்டி நிற்காது. நடுங்கும் வண்டியின் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால், அந்த வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள். மேம்பாலத்து ஏற்றத்தில், பின்னால் பேருந்து நிற்கும்போது இன்ஜின் அணைவதும் சாதாரண விஷயமல்ல.

நான்காவது புகைச் சான்று. பி.எஸ்.-4, பி.எஸ்.-6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.மையும் தாண்டக் கூடாது. ஒரு சிலிண்டர் எரியாமல் கக்கும் பெட்ரோல் ஆவியே ஹைட்ரோகார்பன் அளவை எகிறவைக்கும். மாசு விதியை மீறினால் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள், அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் தெருப் பிள்ளைகள்.

ஐந்தாவது, ஊகத்தில் பாகம் மாற்றும் செலவு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை போன்ற இடங்களில் எந்தக் காருக்கும் எந்தப் பாகமும் கிடைக்கும். மின்சாரப் பாகங்களை வாங்கிப்போய்ப் பொருத்திவிட்டு, சரியாகவில்லை என்று திரும்பக் கொண்டுவந்தால் பொதுவாகக் கடைக்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார். முதலில் காயில், பிறகு சென்சார், பிறகு த்ராட்டில் பாடி என்று ஆயிரங்கள் கரையும். நடுவில் ஒரு போலி பிளக் வந்து சேர்ந்தால் பழைய கோளாறோடு புதுக் கோளாறும் கூடும்.

பெட்டிச் செய்தி: உடனே நிறுத்துங்கள்

■ இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு எரிந்தால். தொடர்ந்து எரிவது "கவனி" என்று பொருள். மின்னுவது "கன்வெர்ட்டர் எரிகிறது, நிறுத்து" என்று பொருள்.
■ பிரேக் பெடல் இறுகினால்.
■ பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தால்.
■ வெப்ப முள் வழக்கத்தைத் தாண்டினால்.
■ ஆயில் விளக்கு எரிந்தால்.

பெட்ரோல் மீது விழும் பழி

வண்டி கொஞ்சம் உதறினாலும் இன்று எல்லோரும் கைகாட்டுவது எத்தனாலை. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீதக் கலப்பு இலக்கை மத்திய அரசு முன்னே கொண்டுவந்து, 2025-ல் நாடு அந்த அளவை எட்டியது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு; அது ஈரத்தையும் ஈர்க்கும். அதற்கென்று வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் குறித்து உரிமையாளர்களுக்கு இருக்கும் கவலை நியாயமானது.

ஆனால் பழி போடுமுன் நாளைப் பாருங்கள். பங்க்கில் பெட்ரோல் அடித்துக்கொண்டு வந்த அன்றே நடுக்கம் தொடங்கியதா? நான்கு சிலிண்டரும் சேர்ந்து திணறுகிறதா? அப்படியானால் பெட்ரோலையும் அதில் கலந்த தண்ணீரையும் சந்தேகியுங்கள். பானெட்டைத் திறந்து மூடிய அன்று தொடங்கியதா? ஒரே சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்கிறதா? டேங்கை விட்டுவிட்டுக் கப்ளரைப் பாருங்கள்.

தேடும்போது கையைக் காத்துக்கொள்ளுங்கள்

கசிவைக் கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜின் மேல் க்ளீனர் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை. ஆனால் அந்த ஸ்ப்ரே தீப்பற்றக்கூடியது, பக்கத்திலேயே கொதிக்கும் புகைக்குழாய். வீட்டில் அதைச் செய்யாதீர்கள். சந்தேகப்படும் டியூபை விரலால் பொத்திப் பார்க்கலாம், மடக்கிப் பிடித்துப் பார்க்கலாம். கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பில் இன்டேக்குக்குள் புகையைச் செலுத்தி, அது எங்கே வெளியே வருகிறது என்று காட்டிவிடுவார்கள்.

ஓடும் இன்ஜினில் காயிலையோ பிளக் ஒயரையோ பிடுங்கிப் பார்ப்பதும் வேண்டாம். அங்கே பாய்வது பல ஆயிரம் வோல்ட். வேட்டி நுனி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. இன்ஜின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றும் வண்டிகள் உண்டு. ஷட்டர் போட்ட கார் ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கப்ளர், கிளாம்ப், டியூப், பிளக், காயில் இடமாற்றம் வரை நம் வேலை. இன்ஜெக்டர், கம்ப்ரஷன், வால்வு என்று போனால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். வாரண்டி இருக்கும் வண்டி என்றால், எதையும் கழற்றுமுன் வாரண்டி நிபந்தனையைப் படித்துவிடுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது, நாமே கழற்றினோம் என்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மறைத்தால் அவர் வண்டி முழுக்கத் தேடுவார். அந்த நேரத்துக்கும் நாம்தான் கூலி கொடுக்க வேண்டும்.

விஜயதசமிக் காலை

மறுநாள் காலை, பூஜையிலிருந்து எடுத்த ஸ்பேனரோடு மெக்கானிக் அண்ணன் வந்தார். அவருடைய முதல் வேலை என் வண்டி. புது டியூபைப் போட்டு, கிளாம்ப்பை இறுக்கினார். கோடை அழித்தார். ஏ.சி., விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை இன்ஜினைத் தொடாமல் ஓடவிட்டார். பிறகு ஏ.சி.யைப் போட்டுக் கொஞ்ச நேரம். இ.சி.யு. புதிய அளவைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். எல்லா வண்டிக்கும் இந்த முறை ஒன்றல்ல, கையேட்டைப் பார்க்க வேண்டும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வழியாகத்தான் கற்பிக்க முடியும். கால் மணி நேரத்தில் முள் 750-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு அசையவில்லை.

டியூபும் கிளாம்ப்பும் சேர்த்து நான் வாங்க நினைத்த ஒரு காயிலின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. இரண்டாவது பிழைக்குச் செலவே இல்லை, ஒரு 'டக்' மட்டும்தான்.

சொந்தக் கையால் வண்டியைப் பார்த்துக்கொள்வதை விட்டுவிடாதீர்கள். ஒரு பழக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்ததும் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு கப்ளரையும், உருவும் ஒவ்வொரு டியூபையும், தளர்த்தும் ஒவ்வொரு கிளாம்ப்பையும் அந்த நிமிடமே எழுதுங்கள். கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். மூடும்போது அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்து, ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்து டிக் அடியுங்கள். ஸ்டார்ட் செய்து நடுங்கினால் கடைக்கு ஓடாதீர்கள், வண்டியையும் எடுக்காதீர்கள். அணைத்துவிட்டு, அந்தப் பட்டியலின் கடைசி வரியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.